'ஒய்க்குமெனே': உலகத் திருச்சபையைக் குறிக்கும் ஒரு சொல்லின் பொருள் வரலாறு

உலகெங்கும் பரந்து வாழும் கிறிஸ்தவ மக்களை ஒரே சமூகமாகக் கொண்டு, அச்சமூகத்தை ஒரு சொல்லாற் சுட்ட முற்படுவோர் பெரும்பாலும் கிரேக்க மொழி வழிவந்த இரு சொற்களுள் ஒன்றையே நாடுவர். ஒன்று 'கத்தோலிக்க' என்பது. முழுமையைத் தழுவியது என்னும் பொருளுடைய இச்சொல் காலப்போக்கில் றோமாபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட திருச்சபையின் பெயராகச் சுருங்கிற்று. மற்றையது 'ஒய்க்குமெனே' என்னும் பெயர்ச்சொல்லும், அதனடியாகப் பிறந்த 'எக்குமெனிக்கல்' என்னும் அடைமொழியுமாகும். இலங்கைத் திருச்சபை வட்டாரங்களிலே பின்னையது இருந்தவாறே தமிழெழுத்தில் எழுதப்படுவதுமுண்டு. 'கிறிஸ்தவ ஒன்றிப்பு', 'ஐக்கிய இயக்கம்' எனப் பெயர்க்கப்படுவதுமுண்டு. இப்பெயர்ப்புகளைப் பிழையென்று தள்ளிவிட முடியாது. ஆயினும் ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கால வழக்குடைய ஒரு சொல்லின் கடைசி நூறாண்டுப் பொருளை மாத்திரமே அவை தருகின்றன. முந்திய பொருள்கள் மறைந்துபோகவில்லை. புதிய பொருளின் அடியிலே அவை இன்றும் இயங்குகின்றன. இதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ் வழக்கிலிருந்தே தொடங்குதல் பயனுடைத்து. 'உலகம்' என்னும் சொல்லுக்கு நம் உரையாசிரியர்கள் பல இடங்களில் 'உயர்ந்தோர்' என்று பொருள் கூறிச் செல்வர். உழவனும் வலைஞனும் உலகத்திலேதான் வாழ்ந்தனர். ஆயினும் 'உலகம் இதனை ஏற்றது' என்று எழுதப்பட்டபோது ஏற்றவர்கள் அவர்களல்லர். எல்லோரையும் குறிப்பதாகத் தோன்றும் ஒரு சொல்லினுள்ளே, 'எல்லோர்' என்போர் யாவர் என்று தீர்மானிக்கும் உரிமை யாரிடம் உள்ளது என்ற வினா மறைந்து கிடக்கும். ஒய்க்குமெனே என்ற சொல்லின் வரலாற்றையும் இவ்வினாவைக் கையிலேந்தியே நாம் நோக்குதல் வேண்டும்.

கிரேக்கத்தில் 'ஒய்க்கொஸ்' என்பது வீடு. அதனடியாகப் பிறந்த வினைச்சொல் 'குடியிருத்தல்' என்னும் பொருளது. 'ஒய்க்குமெனே' அவ்வினையின் எச்ச வடிவம். நிலம் அல்லது பூமி என்னும் பெண்பாற் சொல் அதனோடு தொக்கு நிற்பதாகக் கொள்வர். ஆகவே 'மக்கள் குடியிருக்கும் நிலம்' என்பதே இதன் நேர்ப்பொருள். இதே வேரிலிருந்தே வீட்டை நிருவகித்தல் என்னும் பொருளில் ஐரோப்பிய மொழிகளின் பொருளாதாரம் என்ற சொல்லும், உயிரினங்களின் உறைவிடத்தை ஆராயும் சூழலியல் என்ற சொல்லும் கிளைத்தன. இன்னுமொரு கிளை உண்டு. அது நமக்கு முக்கியமானது. 'பரொய்க்கியா' என்பது அது. வீட்டுக்குப் புறம்பே, அயலிலே, குடியுரிமையின்றித் தங்கியிருத்தல் என்பது அதன் பொருள். திருச்சபையின் உள்ளூர்ப் பிரிவைக் குறிக்க ஐரோப்பிய மொழிகள் வழங்கும் சொல் இதிலிருந்தே வந்தது. நமது கத்தோலிக்கர் அதனைப் 'பங்கு' என்பர். தமிழகத்துப் புரட்டஸ்தாந்தர் 'சேகரம்' என்பர். இரு தமிழ்ச் சொற்களிலும் அந்த அயலானின் நிழல் இல்லை.

முதலிலே ஒய்க்குமெனே புவியியற் சொல்லாகவே வழங்கிற்று. கி. மு. ஐந்தாம் நூற்றாண்டிலே ஹெரொடோற்றஸ் மனிதர் வாழும் நிலப்பரப்பைக் குறிக்க இதனை வழங்கினார். கி. மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த எரற்றொஸ்தெனீஸ் அதன் நீள அகலங்களைக் கணக்கிட முனைந்தார். கி. பி. இரண்டாம் நூற்றாண்டிலே தொலமி வகுத்த புவியியலில் நமது தீவும் 'தப்ரபேன்' என்ற பெயருடன், உண்மைப் பருமனிலும் பன்மடங்கு பெரிதாக, ஒய்க்குமெனேயின் தென்கோடியிலே இடம்பெற்றது. கிரேக்கர் தம்மை மட்டுமே மனிதராகக் கருதினர் என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லிவிடுவது நியாயமன்று. மனித குலத்தைக் கிரேக்கர், அந்நியர் எனப் பிரிப்பதை எரற்றொஸ்தெனீஸ் ஏற்கவில்லை என்றும், இந்தியரையும் கார்த்தேஜியரையும் செவ்விய ஆட்சியுடைய மக்களாக அவர் எடுத்துக்காட்டினார் என்றும் ஸ்ற்றாபோ பதிவு செய்துள்ளார். நிலத்தை அளந்தவருக்கு அதன் மக்கள் யாவரும் கண்ணிற்பட்டனர் போலும்.

சொல்லைச் சுருக்கியவர்கள் ஆண்டவர்களே. ஐம்பத்துமூன்று ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ ஒய்க்குமெனே முழுவதையும் றோமர் எவ்வாறு தம் ஆட்சிக்குட்படுத்தினர் என்பதே பொலிபியஸ் தமது வரலாற்றுக்கு எடுத்துக்கொண்ட வினா. பாரசீகமும் இந்தியாவும் சீனமும் றோமின் ஆட்சிக்கு உட்படவில்லை என்பது கற்றோர் அறியாததன்று. ஆயினும் ஆட்சிக்கு உட்பட்ட பரப்பே குடியிருக்கத்தக்க உலகம் என்ற வழக்கு வேரூன்றியது. கி. பி. 54இல் நீரோ முடிசூடிய செய்தியை எகிப்தில் அறிவித்த பப்பிரசுத் தாளொன்று, அவனை ஒய்க்குமெனேயின் நற்றெய்வம் என்று போற்றுகின்றது. உலகம் என்பது பேரரசின் மறுபெயராகிவிட்டது.

இத்தகைய சொல்லைத்தான் புதிய ஏற்பாட்டு ஆசிரியர்கள் கையிலெடுத்தனர். புதிய ஏற்பாட்டில் இச்சொல் 15 இடங்களில் வருகின்றது; அவற்றுள் 8 இடங்கள் லூக்கா எழுதியனவாகக் கொள்ளப்படும் இரு நூல்களுக்குரியன. தமிழ் வேதாகமத்தில் இது 'உலகம்' என்றும் 'பூலோகம்' என்றும் வருவதாலும், 'கொஸ்மொஸ்' என்ற வேறொரு கிரேக்கச் சொல்லுக்கும் 'உலகம்' என்றே வருவதாலும், தமிழில் மட்டும் வாசிப்போர் வேறுபாட்டை உணர இடமில்லை. வேறுபாடோ பெரிது. கொஸ்மொஸ் படைப்பின் ஒழுங்கு. ஒய்க்குமெனே ஆளப்படும் உலகம். இயேசுவின் பிறப்புக் கதையை லூக்கா அகுஸ்துவின் குடிமதிப்புக் கட்டளையோடு தொடங்குகிறார். ஒய்க்குமெனே முழுவதும் பதிவு செய்யப்படவேண்டும் என்பது கட்டளை. வரி வாங்குவோன் எண்ணிப் பார்க்கும் உலகமே அங்கு ஒய்க்குமெனே.

இதனினும் கூர்மையான இடமொன்றுண்டு. வனாந்தரத்துச் சோதனைக் கதையில் பிசாசு காட்டும் இராச்சியங்களை மத்தேயு கொஸ்மொஸின் இராச்சியங்கள் என்கிறார். லூக்கா அச்சொல்லை நீக்கி ஒய்க்குமெனேயின் இராச்சியங்கள் என்று எழுதுகிறார். அவற்றின் அதிகாரம் தன்னிடமே ஒப்படைக்கப்பட்டிருப்பதாகப் பிசாசு கூறும் வார்த்தையையும் அவர் மட்டுமே சேர்க்கிறார். றோமப் பேரரசைப் பற்றி இதைவிடத் துணிவான விமரிசனத்தை அக்காலத்தில் வெளிப்படையாக எழுதியிருக்க முடியாது. அவரே எழுதிய நடபடிகளிலே, தெசலோனிக்கே நகரத்துக் கும்பல் கிறிஸ்தவர்மீது சாட்டும் குற்றம் ஒய்க்குமெனேயைக் கலக்கித் தலைகீழாக்கினர் என்பது. இராயனின் கட்டளைகளுக்கு விரோதமாக வேறோர் அரசனைக் கூறுகின்றனர் என்பது அதற்குத் தரப்பட்ட விளக்கம். எபிரெயருக்கு எழுதிய நிருபமோ 'வரப்போகும்' ஒய்க்குமெனே என்றொரு தொடரை ஆள்கிறது. இருக்கும் உலகமே முடிந்த முடிவான உலகமன்று என்பது அதன் உட்கிடை.

அப்படியானால் இம்மக்கள் தம்மை எவ்வாறு அழைத்துக்கொண்டனர்? முதலாம் நூற்றாண்டின் இறுதியளவில் றோமிலிருந்து கொரிந்துக்கு எழுதப்பட்ட கடிதமொன்று, கிளெமெந்துவின் பெயரால் வழங்குவது, இரு நகரத்துச் சபைகளையும் அந்நகரங்களில் அயலாராய்த் தங்கியிருக்கும் சபைகள் என்றே விளிக்கின்றது. மேலே கூறிய பரொய்க்கியாவின் வினை வடிவம் அங்கு ஆளப்பட்டுள்ளது. ஒய்க்குமெனே அரசனுடையது; பரொய்க்கியா தம்முடையது என்பதே அவர்களின் தன்னுணர்வு. ஒரே வேரில் பிறந்த இவ்விரு சொற்களுக்கிடையே நிலவிய இந்த முரண், நான்காம் நூற்றாண்டிலே முறிந்தது.

325ஆம் ஆண்டு பேரரசன் கொன்ஸ்தாந்தைன் நைசியாவிலே ஆயர்களைக் கூட்டினான். அரச அஞ்சல் வண்டிகளிலே அவர்கள் அழைத்து வரப்பட்டனர். அக்கூட்டத்தை ஒய்க்குமெனேக்குரிய சங்கம் என்று யூசேபியசும் அத்தனாசியசும் அழைத்தனர். சங்கங்களுக்கு இவ்வடைமொழி கிறிஸ்தவரால் முதலில் வழங்கப்பட்டதன்று. 1972இல் வெளிவந்த கட்டுரையொன்றிலே ஹென்றி சட்விக் இதனை விளக்கியுள்ளார். நாடகக் கலைஞரும் மல்லர் முதலிய விளையாட்டு வீரரும் பேரரசெங்கும் பரந்த தமது தொழிற் சங்கங்களுக்கு முன்னரே இப்பெயரைச் சூட்டியிருந்தனர். அரசர் தந்த வரிவிலக்கு முதலிய சலுகைகளையும் அனுபவித்தனர். கூத்தரின் சங்கத்துக்குரிய அடைமொழியைக் குருமார் பெற்றனர் என்பது சுவையான செய்திதான். ஆனால் அச்சங்கங்களையும் திருச்சபையையும் இணைத்தது பேரரசின் ஆதரவு என்பதே கவனிக்கத்தக்கது. நைசியாவுக்கு மேற்கு ஐரோப்பாவிலிருந்தும் வட ஆபிரிக்காவிலிருந்தும் வந்தோர் ஒரு சிலரே. றோமின் ஆயர் வரவில்லை, இரு குருமாரை அனுப்பினார். இருந்தும் அது முழு உலகின் சங்கமாயிற்று. வருகையாளரின் தொகையன்று, அழைத்தவனின் அதிகாரமே அதனை அவ்வாறாக்கிற்று.

பேரரசின் எல்லை திருச்சபையின் எல்லையானபோது வெளியே நின்றவர்களின் கதி என்ன? பாரசீகத்தின் கிறிஸ்தவர் 410இல் செலூக்கியாவிலே கூடி நைசியாவின் முடிவுகளை ஏற்றனர். ஆயினும் 424இல் மேற்கத்திய ஆயரின் மேலாட்சியை மறுத்துத் தனித்து நின்றனர். றோமின் பகையரசனுடைய குடிகள் றோமப் பேரரசனின் சங்கத்துக்குக் கட்டுப்பட்டவராகத் தோன்றுதல் அவர்களது உயிருக்கே ஆபத்தாக இருந்தது. 451இல் கல்செதோன் சங்கம் கூடிய அதே ஆண்டிலே ஆர்மீனியர் பாரசீகரை எதிர்த்து அவராயிர்ப் போர்க்களத்தில் நின்றனர். தாம் இல்லாத சங்கத்தின் தீர்மானத்தைப் பின்னர் அவர்கள் மறுத்தனர். உடனே அவர்கள் உலகத் திருச்சபைக்குப் புறம்பானோர் என எண்ணப்படலாயினர். எகிப்திலும் சிரியாவிலும் பெருந்தொகையான மக்கள் அதே சங்கத்தை ஏற்க மறுத்தனர். இறையியல் வேறுபாடு இதற்குக் காரணமன்று என்று கூறுவது மிகை. அவ்வேறுபாடுகள் மெய்யானவை. ஆயின் கொப்திக்கும் சிரியாக்கும் பேசிய மக்களின் மனக்குறைகளை அவ்விறையியலினின்றும் பிரித்தெடுப்பதும் எளிதன்று.

இவ்விடத்து நமது தீவைப் பற்றிய ஒரு குறிப்பை விட்டுவிட முடியாது. ஆறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அலெக்சாந்திரிய வணிகரான கொஸ்மஸ் எழுதிய நூலிலே, தப்ரபேனில் பாரசீகக் கிறிஸ்தவரின் சபையொன்று இருந்ததாகவும், அதன் குரு பாரசீகத்திலிருந்து நியமிக்கப்பட்டு வந்ததாகவும், சுதேசிகளும் அரசரும் வேறு சமயத்தவர் என்றும் கூறப்பட்டுள்ளது. அனுராதபுரத்திலே கண்டெடுக்கப்பட்ட சிலுவைக் கல்லை இச்சபையோடு இணைப்போருமுளர், பிற்காலத்ததென மறுப்போருமுளர். அவ்விவாதம் இங்கு வேண்டாம். தொலமியின் வரைபடத்தில் ஒய்க்குமெனேயினுள்ளே அடங்கிய இத்தீவின் கிறிஸ்தவர், பேரரசின் ஒய்க்குமெனேயில் அடங்கவில்லை. அவர்கள் சார்ந்திருந்த கீழைத் திருச்சபை, 431இன் எபேசு சங்கத்தை ஏற்காத திருச்சபை. மலபார்க் கரையிலும் பின்னர் சீனத்திலும் கிறிஸ்தவ வழிபாட்டை நிலைநாட்டிய அத்திருச்சபையே நிலப்பரப்பால் அக்காலத்தில் மிக விரிந்தது என்று சொல்லத் தடையில்லை. 'உலக' என்னும் அடைமொழி மட்டும் அதற்குக் கிட்டவில்லை.

மொழிபெயர்ப்பு எவ்வாறு பகையாக வளரும் என்பதற்கும் இச்சொல்லே சான்று. ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் கொன்ஸ்தாந்திநோப்பிளின் தலைமை ஆயரான 'நோன்பாளர்' யோவான், ஒய்க்குமெனேயின் மறைமுதல்வர் என்னும் பட்டத்தை ஆண்டார். கிரேக்கச் செவிக்கு அது 'பேரரசுத் தலைநகரத்தின்' என்ற அளவில் ஒலித்திருக்கலாம். தலைநகரின் ஆசிரியர்களுக்கும் அவ்வடைமொழி வழங்கியதுண்டு. இலத்தீனிலே அது 'அனைத்துக்குமுரிய' என்று பெயர்க்கப்பட்டபோது, ஏனைய ஆயர் எவருமே ஆயரல்லர் என்ற பொருள் படுவதாக றோமின் கிறகோரியார் வெகுண்டார். 595ஆம் ஆண்டளவில் அவர் எழுதிய கடிதங்களில் இக்கண்டனம் மிகக் கடுமையானது. தம்மைக் கடவுளின் அடியாருக்கு அடியார் என்று அவர் அழைத்துக்கொண்டதும் இப்பின்னணியிலே நோக்கத்தக்கது. அப்பட்டம் கொன்ஸ்தாந்திநோப்பிள் மறைமுதல்வருக்கு இன்றும் உரியது. அவர் வீற்றிருக்கும் இஸ்தான்புல்லில் எஞ்சியுள்ள கிரேக்கக் கிறிஸ்தவரோ சில ஆயிரவரே.

மத்திய காலத்தை விரைந்து கடந்துவிடலாம். கிழக்கும் மேற்கும் பிரிந்த பின்னர், 787 வரை நடந்த ஏழு சங்கங்களையே கீழைத் திருச்சபையினர் உலகச் சங்கங்களாகக் கொண்டனர்; றோம் எண்ணிக்கையைத் தொடர்ந்து, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தோடு இருபத்தொன்றாக்கிற்று. ஐரோப்பிய மொழிகளிலே 'கிறிஸ்தவ உலகு' என்பது ஐரோப்பா என்ற கண்டத்தின் மறுபெயராயிற்று.

புதிய பொருளின் பிறப்பு 1846இலே என்று கூறுவது தவறாகாது. அவ்வாண்டு இலண்டனில் பல புரட்டஸ்தாந்த சபைகளைச் சார்ந்தோர் கூடிச் சுவிசேஷக் கூட்டணி என்னும் அமைப்பை நிறுவ முனைந்தனர். அங்கு பிரெஞ்சுப் போதகரான அடோல்ப் மொனோ, கூட்டத்தை நடத்தியவர்களின் எக்குமெனிக்கல் உளப்பாங்கைப் பாராட்டினார். உலக திருச்சபைப் பேரவையின் முதற் பொதுச் செயலாளரான விஸ்ஸர் ற் ஹூஃப்ற், இச்சொல்லின் வரலாற்றை ஆராய்ந்து 1954இல் வெளியான எக்குமெனிக்கல் இயக்க வரலாற்று நூலில் எழுதிய பின்னிணைப்பிலே ஏழு பொருள்களை வகுத்துக் காட்டினார். நிலம், பேரரசு, முழுத் திருச்சபை என்று தொடரும் அவ்வரிசையில், பிரிந்த சபைகளிடையே ஒற்றுமையை நாடும் உளப்பாங்கு என்பது கடைசியில் வருவது. மொனோவின் சொல்லில் நாம் காண்பது அதனையே. ஆனால் அதே கூட்டம் வேறொரு காரணத்தாலும் நினைவுகூரத்தக்கது. அடிமைகளை உடைமையாக வைத்திருப்போரை உறுப்பினராக ஏற்கலாமா என்ற வினா அங்கு எழுந்தது. ஏற்கலாகாதென்றனர் பிரித்தானியர், அமெரிக்கப் பிரதிநிதிகள் அந்நிபந்தனையை ஏற்க மறுத்தனர். உலகளாவிய ஒரே அமைப்பு என்ற திட்டம் கைவிடப்பட்டு, நாட்டுக்கு நாடு தனிக் கிளைகளே அமைந்தன. ஒற்றுமை உளப்பாங்கு என்ற பொருளை இச்சொல் பெற்ற இடத்திலேயே, யாருடைய ஒற்றுமை, யாரை விலையாகக் கொடுத்து என்ற வினாவும் உடன்பிறந்தது. சொற்பொருளாராய்ச்சி செய்வோர் முதற் செய்தியைக் குறிப்பிட்டு இரண்டாவதை விட்டுவிடுவது வழக்கம். அது சரியெனத் தோன்றவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மிஷனரிமார் சென்ற நாடுகளில் சபைகளின் பிரிவுகள் ஒரு விசித்திரமான தோற்றத்தைப் பெற்றன. யாழ்ப்பாணக் குடாநாடே தக்க உதாரணம். தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில் முதலிய ஊர்கள் அமெரிக்க மிஷனுக்கும், நல்லூர், கோப்பாய்ப் பகுதிகள் ஆங்கிலத் திருச்சபை மிஷனுக்கும், யாழ்ப்பாண நகரும் பருத்தித்துறையும் வெஸ்லியன் மிஷனுக்கும் களங்களாயின. ஒருவர் எச்சபையைச் சார்ந்தவர் என்பதை அவரது கொள்கையன்று, அவர் பிறந்த ஊரே தீர்மானித்தது. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் ஏற்பட்ட பிணக்குகளைச் சில மைல் இடைவெளியிலே தமிழர் வாரிசுரிமையாகப் பெற்றனர். பிரிவு எத்துணை அர்த்தமற்றது என்பது ஐரோப்பியரினும் ஆசியருக்கே முதலில் உறைத்தது என்றால் வியப்பில்லை.

1900இல் நியூயோர்க்கில் நடந்த மிஷனரி மாநாடு தன்னை எக்குமெனிக்கல் மாநாடு என்றே அழைத்துக்கொண்டது; உலகம் முழுவதையும் தழுவிய திட்டம் என்பதே அங்குப் பொருள். 1910இன் எடின்பரோ மாநாடு அப்பெயரைத் தவிர்த்தது. றோமன் கத்தோலிக்கரும் கீழைத் திருச்சபையினரும் இல்லாத கூட்டத்துக்கு அப்பெயர் பொருந்துமா என்ற தயக்கம் அதற்கொரு காரணம். ஏறத்தாழ 1200 பிரதிநிதிகளுள் ஆசியரின் தொகை இருபதைக்கூட எட்டவில்லை. அவர்களுள் ஒருவர் திருநெல்வேலி மாவட்டத்து வெள்ளாளன்விளையிலே 1874இல் பிறந்த வே. ச. அசரியா. மிஷனரிமாரின் தியாகத்தை மனமாரப் போற்றிய அவர், தியாகத்தோடு நட்பும் வேண்டும் என்றார். வெள்ளைக்காரரும் இந்தியரும் ஒரே பணியிலிருந்தும் ஒருவர் வீட்டில் மற்றவர் விருந்தினராகாத நிலையை அவர் அந்த அவையிலேயே எடுத்துரைத்தார். அவையோர் பலர் முகஞ்சுளித்தனர். வீடு என்னும் வேரிலிருந்து பிறந்த சொல்லுக்குரிய இயக்கத்தின் பெருந்தொடக்கமாக வரலாற்றாசிரியர் கொள்ளும் மாநாட்டிலே, வீட்டினுள் அனுமதிக்கப்படாமையைப் பற்றியே ஒரு தமிழர் பேசினார் என்பதை எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும்.

அதே 1910ஆம் ஆண்டு, அதே திருநெல்வேலி மாவட்டத்தில், வடக்கன்குளத்துக் கத்தோலிக்க ஆலயத்தினுள்ளே வெள்ளாளரையும் நாடாரையும் பிரித்து எழுப்பப்பட்டிருந்த சுவர், பங்குக் குருவான கொசானல் அடிகளாரின் முயற்சியால் இடிக்கப்பட்டது. வெள்ளாளர் நீதிமன்றம் சென்றனர். உயர்நீதிமன்றத்திலும் அவர்களுக்கு வெற்றி கிட்டவில்லை. எடின்பரோவுக்கும் வடக்கன்குளத்துக்கும் எவ்விதத் தொடர்புமில்லை. ஒன்றின் செய்தி மற்றையதை எட்டியிருக்கவும் நியாயமில்லை. ஆயினும் ஒய்க்குமெனே என்பதன் பொருளை ஆராய்பவருக்கு இரண்டும் ஒரே பிரச்சினையின் இரு முகங்கள். உலகத்தின் எல்லாச் சபைகளோடும் உறவாடத் துடிக்கும் ஒரு சபையின் உள்ளே, வழிபாட்டு மண்டபத்தின் நடுவில் சுவர் நின்றால், அது எதன் ஒற்றுமை? யாழ்ப்பாணத்து ஆலயங்களிலும் இருக்கையின் உயர்வு தாழ்வு பற்றிய பூசல்கள் இருந்தன என்பது இக்கட்டுரையை வாசிப்போர் பலர் தம் பாட்டன்மாரிடம் கேட்டறிந்த செய்தியே.

1920இல் கொன்ஸ்தாந்திநோப்பிள் மறைமுதல்வர் பீடம், சர்வதேச சங்கத்தைப் போன்று திருச்சபைகளுக்கிடையிலும் ஓர் ஒன்றியம் வேண்டுமென எல்லாச் சபைகளுக்கும் சுற்றுநிருபம் விடுத்தது. 1925இல் சுவீடன் நாட்டுப் பேராயர் சொடர்புளொம் ஸ்ரொக்ஹோமில் மாநாடு கூட்டினார். 1937இன் ஒக்ஸ்போர்ட் மாநாட்டறிக்கை 'சர்வதேசிய', 'எக்குமெனிக்கல்' என்னும் இரு அடைகளையும் வேறுபடுத்தியது: முன்னையது தேசங்களாகப் பிரிந்திருத்தலை அடிப்படையாக ஏற்றுக்கொண்டு பாலமிடுவது; பின்னையது முன்னமே உள்ள ஒருமையிலிருந்து தொடங்குவது. ஜேர்மனியில் திருச்சபையைத் தேச இனத்தின் ஏவலாளாக்கும் முயற்சி நடந்துகொண்டிருந்த காலம் அது. எனவே இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சியன்று.

1948 ஓகஸ்டில், அம்ஸ்ரர்டாமிலே, 147 சபைகள் கூடி உலக திருச்சபைப் பேரவையை அமைத்தன. தொடக்க வழிபாட்டிலே முதிய அமெரிக்கரான ஜோன் மொற்றுடன் உரையாற்றியவர் யாழ்ப்பாணத் தமிழரான டி. ரி. நைல்ஸ். அப்போது அவருக்கு வயது நாற்பது. இருபதாண்டுகளின் பின் 1968இல் உப்சாலாப் பேரவையின் தொடக்கவுரைக்கு அழைக்கப்பட்டிருந்த மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்டமையால், அவ்விடத்தில் நின்று பேசியவரும் அவரே. ஓராண்டு முந்தி, 1947 செப்ரெம்பர் 27இல், தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. அதற்காக 1919இன் தரங்கம்பாடி மாநாடு தொட்டு உழைத்த அசரியா 1945இலேயே மறைந்துவிட்டார். அமெரிக்க மிஷனின் வழிவந்த யாழ்ப்பாணச் சபை, கடல் கடந்த அத்திருச்சபையின் ஆதீனமாயிற்று. தமிழ் வேதாகமத்தின் வரலாற்றை எழுதிய சபாபதி குலேந்திரன் அதன் முதற் பேராயர். ஆனால் அடுத்த தெருவிலிருந்த அங்கிலிக்கரும் மெதடிஸ்தரும் அதில் இணையவில்லை. இலங்கைச் சபைகளை ஒன்றாக்கப் பல்லாண்டு பேசப்பட்ட திட்டமும் நிறைவேறாமற் போயிற்று.

1846இன் வினா மறுபடியும் எழாமலில்லை. தென்னாபிரிக்காவின் டச்சுச் சீர்திருத்த சபைகள் பேரவையின் உறுப்பினராயிருந்தன. நிறவொதுக்கலை விமரிசித்த கொற்றெஸ்லோக் கலந்தாய்வு 1960 டிசெம்பரில் நடந்ததும் அவை வெளியேறின. 1969இல் பேரவை இனவாத எதிர்ப்புத் திட்டத்தைத் தொடங்கி, அடுத்த ஆண்டு முதல் விடுதலை இயக்கங்களின் மனிதாபிமானப் பணிகளுக்கு நிதி வழங்கியபோது, ஐரோப்பிய சபைகள் சில ஒற்றுமை குலைகின்றதெனக் குமுறின. இரட்சணிய சேனை விலகியே விட்டது. இம்முறை பேரவை பின்வாங்கவில்லை. யாருடைய ஒற்றுமை என்பதற்கு 1846இல் கொடுக்கத் துணியாத விடையை, நூற்றிருபது ஆண்டுகள் கழித்துக் கொடுத்தது. இடைக்காலத்தில் அவையில் இருந்தோர் மாறியிருந்தனர் என்பதே காரணம். 1972 முதல் 1984 வரை பொதுச் செயலாளராயிருந்த பிலிப் பொற்றர் கரிபியன் தீவொன்றிலே பிறந்தவர்.

றோமிலும் சொல் தடுமாறிற்று. 1928இல் பதினோராம் பத்திநாதர் இவ்வியக்கத்தில் கத்தோலிக்கர் பங்குகொள்வதைத் தடுத்தார். 1959 சனவரியில் இருபத்துமூன்றாம் அருளப்பர் எக்குமெனிக்கல் சங்கமொன்றைக் கூட்டப்போவதாக அறிவித்தபோது, பிரிந்த சபைகள் யாவும் அழைக்கப்படுகின்றன என்று செய்தித்தாள்கள் சில எழுதின. திருச்சபைச் சட்டத்தில் அச்சொல்லுக்கு ஆயர்களின் பொதுச்சங்கம் என்பதே பொருள். பழைய பொருளும் புதிய பொருளும் ஒரே அறிவிப்பில் மோதிக்கொண்டன. 1964இல் அச்சங்கமே ஒன்றிப்பு பற்றிய விதித்தொகுப்பை நிறைவேற்றியபோது புதிய பொருளும் றோமில் இடம்பெற்றது. 1976இல் தாருஸ்ஸலாமிலே தோன்றிய மூன்றாம் உலக இறையியலாளரின் கழகம் தன் பெயரில் எக்குமெனிக்கல் என்ற அடையைச் சேர்த்துக்கொண்டது. கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் ஒன்றாயிருந்தனர் என்பதோடு, வறியோர் வாழும் உலகையே குடியிருக்கும் உலகமாகக் கொண்டனர் என்பதும் அதிலடங்கும். அதில் முன்னின்றவர்களுள் ஒருவரான நமது திஸ்ஸ பாலசூரிய அடிகளார் 1997 சனவரியில் சபை விலக்கத்துக்குள்ளாகி, ஓராண்டின் பின் மீளச் சேர்த்துக்கொள்ளப்பட்டார்.

இனித் தமிழுக்கு வருவோம். 'ஒன்றிப்பு' என்ற சொல் விளைவைக் கூறுகிறது; நிலத்தையும் வீட்டையும் விட்டுவிடுகிறது. 'அனைத்துலக' என்ற அடை நாடுகளின் கூட்டத்தையே நினைவூட்டும். ஒக்ஸ்போர்ட் அறிக்கை விலக்கிய பொருள் அது. இவற்றினும் 'பொது' என்ற பழஞ்சொல்லே பொருத்தமானதாக எனக்குப் படுகிறது. விசுவாசப் பிரமாணத்தில் கத்தோலிக்கர் 'கத்தோலிக்க' என்றே வைத்துக்கொண்ட இடத்தில், தமிழ்ப் புரட்டஸ்தாந்தர் 'பொது' என்று பெயர்த்தனர். றோமோடு தம்மை இணைத்துவிடக்கூடாதே என்ற அச்சம் அதற்குத் தூண்டுதலாயிருக்கலாம். எனினும் கிடைத்த சொல் நல்ல சொல். ஊரார் அனைவரும் கூடும் மன்றத்துக்கும் தமிழில் அதுவே பெயர். சங்கப் புலவர்கள் தம் வேந்தரைப் புகழும்போது, நிலம் பிறர்க்கும் பொது என்னும் சொல்லைக் கேட்கப் பொறாதவர் என்று புகழ்வர்.